ரெய்டு தொகுப்பில் வன்தட்டின் நிலையைப் படிப்பது எப்படி?

சர்வரின் முகப்பில் ஒரு விளக்கு மஞ்சளாக மாறியதும் கை தானாக அந்தத் தட்டை நோக்கிப் போகும். போகக் கூடாது. பல வன்தட்டுகளை ஒரே தொகுப்பாக இணைக்கும் ரெய்டு இருப்பதே, ஒரு தட்டு பழுதானால் தாங்கிக்கொள்வதற்காகத்தான். அதைத் தாண்டியும் தரவு அழிகிறதென்றால், நிலையைச் சரியாகப் படிக்காமல் யாரோ அவசரப்பட்டிருக்க வாய்ப்பு அதிகம். திரையில் வரும் ஆன்லைன், டிகிரேடட், ஃபாரின் போன்ற சொற்கள் எதைச் சொல்கின்றன, எதைச் சொல்லாமல் விடுகின்றன என்று தெரிந்துவிட்டால் அந்த அவசரம் தணிந்துவிடும். சர்வர் நிர்வாகத்துக்குப் புதிதாக வந்தவர்களுக்காக இதை எழுதுகிறேன். எனவே கட்டளைகளுக்குள் போகாமல் பொருளை மட்டும் விளக்குகிறேன்.

ரெய்டு என்ற பெயரைப் பரவலாக்கியது 1988-இல் வெளியான ஓர் ஆய்வுக் கட்டுரை. கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் இருந்த டேவிட் பாட்டர்சன், கார்த் கிப்சன், ராண்டி காட்ஸ் ஆகிய மூவரும் அதை எழுதினார்கள். விலையுயர்ந்த ஒரே பெரிய தட்டுக்குப் பதிலாக மலிவான சிறிய தட்டுகள் பலவற்றைச் சேர்த்துப் பயன்படுத்தலாம் என்பது அவர்கள் வாதம். ஆனால் தட்டுகளின் எண்ணிக்கை கூடக் கூட, அவற்றுள் ஏதாவது ஒன்று பழுதாகும் வாய்ப்பும் கூடும். ஆகவே ஒன்று போனாலும் தரவு மிஞ்சும்படி கூடுதலாகக் கொஞ்சம் தகவலை எழுதிவைக்க வேண்டியிருக்கிறது. ரெய்டு 1 ஒரே தரவை இரண்டு தட்டுகளில் எழுதுகிறது. ரெய்டு 5 ஒரு தட்டின் இழப்பைத் தாங்கும், ரெய்டு 6 இரண்டைத் தாங்கும். ரெய்டு 10 என்பது ஜோடி ஜோடியான நகல்கள்; ஒரே ஜோடியின் இரண்டு தட்டுகளும் போகாதவரை தாங்கும். ரெய்டு 0 எதையும் தாங்காது.

ரெய்டு 5 இழந்ததை எப்படி மீட்கிறது என்பதை ஒருமுறை கையால் போட்டுப் பார்த்துவிடுவது நல்லது. பின்னால் வரும் எல்லாமே அதிலிருந்துதான் புரியும். மூன்று தட்டுகளில் ஒரே இடத்தில் 1, 0, 1 என்று மூன்று பிட்டுகள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். நான்காவது தட்டில், மொத்த 1-களின் எண்ணிக்கை இரட்டைப்படையாக வரும்படி ஒரு பிட் எழுதப்படும். ஏற்கெனவே இரண்டு 1-கள் இருப்பதால் அது 0. இதைத்தான் பாரிட்டி என்கிறார்கள். இப்போது மூன்றாவது தட்டு போய்விட்டது. மிஞ்சியவை 1, 0, பாரிட்டி 0. இரட்டைப்படை வர வேண்டுமானால் காணாமல் போனது 1-ஆகத்தான் இருக்க வேண்டும். நடைமுறையில் பாரிட்டி ஒரே தட்டில் குவியாமல் எல்லாத் தட்டுகளுக்கும் மாறி மாறிப் பகிரப்படும், கணக்கு மாறாது.

இந்தக் கணக்கில் கவனிக்க வேண்டியது ஒன்று: விடை கிடைக்க, மிஞ்சிய அத்தனை தட்டுகளும் பிழையில்லாமல் படிக்கப்பட வேண்டும். ஒன்று வாய் திறக்கவில்லை என்றாலும் அந்த இடத்துக்கு விடை இல்லை.

இரண்டு நிலைகள், இரண்டு கேள்விகள்

நிலையைக் காட்டும் திரையில் இரண்டு அடுக்குகள் இருக்கும். ஒன்று, கையால் தொடக்கூடிய வன்தட்டின் நிலை. மற்றொன்று, அந்தத் தட்டுகளைச் சேர்த்துக் கட்டிய தொகுப்பின் நிலை. இயங்குதளத்துக்கு ஒரே தட்டாகத் தெரிவது இதுதான். இதைச் சில நிறுவனங்கள் வெர்ச்சுவல் டிஸ்க் என்றும், சில லாஜிக்கல் டிரைவ் என்றும் அழைக்கின்றன. தொகுப்பின் நிலை, தரவு இப்போது கிடைக்கிறதா, இன்னும் எத்தனை இழப்பைத் தாங்கும் என்ற கேள்விக்குப் பதில். தட்டின் நிலை, அந்தத் தட்டைக் கன்ட்ரோலர் (தட்டுகளைத் தொகுப்பாகச் சேர்த்து இயக்கும் சாதனம்) இப்போது என்னவாக நடத்துகிறது என்ற கேள்விக்குப் பதில். இரண்டையும் சேர்த்துப் படிக்காமல் எந்த முடிவுக்கும் வரக் கூடாது.

தொகுப்பின் நிலை எளிது. ஆப்டிமல் என்றால் எல்லா உறுப்புத் தட்டுகளும் இடத்தில் இருக்கின்றன. டிகிரேடட் என்றால் தரவு கிடைக்கிறது, ஆனால் பாதுகாப்பு தீர்ந்துவிட்டது. ரெய்டு 6-இல் ஒரு தட்டு மட்டும் போயிருந்தால் சில கன்ட்ரோலர்கள் அதைப் பகுதி டிகிரேடட் என்று தனியாகக் காட்டும். இன்னும் ஒரு தட்டின் இழப்பைத் தாங்கும் என்று பொருள். ஆஃப்லைன் அல்லது ஃபெயில்டு என்று தொகுப்புக்கே வந்துவிட்டால், தாங்கும் அளவைவிட அதிகமான தட்டுகள் வெளியேறிவிட்டன.

டிகிரேடட் நிலையில் சர்வர் வழக்கம்போல இயங்கும், பயனர்கள் யாரும் புகார் சொல்லமாட்டார்கள். கொஞ்சம் மெதுவாகலாம், அவ்வளவுதான். அதனாலேயே இந்த நிலை வாரக்கணக்கில் யார் கண்ணிலும் படாமல் கிடக்கும். ரெய்டு 5-இல் டிகிரேடட் என்பது, பாதுகாப்பைப் பொறுத்தவரை ரெய்டு 0-க்குச் சமம். அதை அன்றைக்கே கவனிக்க வேண்டிய வேலையாகத்தான் நான் கருதுகிறேன்.

தட்டின் நிலை: கன்ட்ரோலரின் தீர்ப்பு

இனி தட்டுகளுக்கு வருவோம். இங்கே வரும் ஒவ்வொரு சொல்லும் கன்ட்ரோலர் அந்தத் தட்டைப் பற்றி எடுத்திருக்கும் முடிவு. தட்டின் உடல்நலச் சான்றிதழாக அதை எடுத்துக்கொண்டால் ஏமாந்துபோவோம்.

ஆன்லைன் என்றால் தட்டு தொகுப்பில் உறுப்பாக இருக்கிறது, கேட்டதற்குப் பதில் தருகிறது. அது நலமாக இருக்கிறதா என்பதை இந்தச் சொல் சொல்வதில்லை. ஆன்லைன் என்று காட்டும் தட்டின் விவரத்தைத் திறந்து பார்த்தால் மீடியா எரர் என்ற எண்ணிக்கை நூறைத் தாண்டியிருக்கலாம். தட்டின் பரப்பில் சில இடங்களைப் படிக்க முடியவில்லை, கன்ட்ரோலர் மற்றத் தட்டுகளிலிருந்து கணக்குப் போட்டு ஈடுகட்டிக்கொண்டிருக்கிறது என்று அதற்குப் பொருள். மற்றொரு தட்டு போகும் நாளில் ஈடுகட்ட ஆள் இருக்காது.

ஃபெயில்டு என்றால் கன்ட்ரோலர் அந்தத் தட்டைத் தொகுப்பிலிருந்து வெளியேற்றிவிட்டது. காரணம் பல. மோட்டாரோ படிக்கும் தலையோ பழுதாகியிருக்கலாம். ஆனால் கேபிள் தளர்ந்திருந்தாலும், தட்டுகள் செருகப்படும் பின்பலகையில் கோளாறு இருந்தாலும், மின்வழங்கி தடுமாறினாலும் இதே சொல்தான் வரும். வீட்டுக் கணினிக்கான தட்டைச் சர்வரில் போட்டாலும் இது நேரும். படிக்க முடியாத ஓர் இடத்தைச் சந்தித்தால் சர்வருக்கான தட்டு ஏறத்தாழ 7 விநாடிகளில் கைவிட்டுவிட்டுக் கன்ட்ரோலரிடம் பிழையைச் சொல்லிவிடும். வீட்டுத் தட்டு விடாமல் ஒரு நிமிடத்துக்கு மேலும் முயலும். அதற்குள் பொறுமையிழந்த கன்ட்ரோலர் தட்டு செத்துவிட்டது என்று முடிவுகட்டிவிடும். ஒரே இடத்தில் புதிய தட்டு போட்ட பிறகும் மறுபடி ஃபெயில்டு வந்தால், தட்டைச் சந்தேகிப்பதை நிறுத்திவிட்டு அந்த இடத்தின் இணைப்பைப் பாருங்கள்.

மிஸ்ஸிங் என்றால் உறுப்பாக இருந்த தட்டு கண்ணிலேயே படவில்லை. அன்கான்ஃபிகர்டு குட் அல்லது ரெடி என்றால் தட்டு நன்றாக இருக்கிறது, எந்தத் தொகுப்பிலும் சேரவில்லை. ஹாட் ஸ்பேர் என்பது காத்திருக்கும் மாற்றுத் தட்டு. ஏதாவது ஒரு தட்டு வெளியேறியதும் யாருடைய உத்தரவும் இல்லாமல் அதன் இடத்தை எடுத்துக்கொள்ளும். ரீபில்ட் என்றால் இழந்த தட்டின் தரவு கணக்குப் போட்டு மாற்றுத் தட்டில் எழுதப்பட்டுக்கொண்டிருக்கிறது. அது முடியும்வரை தொகுப்பு டிகிரேடட்தான்.

புதியவர்களை அதிகம் தடுமாற வைப்பது ஃபாரின். ஒவ்வொரு தட்டிலும், தான் எந்தத் தொகுப்பைச் சேர்ந்தது, அதில் எத்தனையாவது உறுப்பு என்ற குறிப்பு எழுதப்பட்டிருக்கும். அந்தக் குறிப்பு இந்தக் கன்ட்ரோலரின் பதிவோடு பொருந்தவில்லை என்றால் தட்டு ஃபாரின் ஆகிவிடுகிறது. வேறு சர்வரிலிருந்து எடுத்துவந்த தட்டு அப்படித் தெரியும். கன்ட்ரோலரையே மாற்றினால் எல்லாத் தட்டுகளும் ஒட்டுமொத்தமாக அப்படித் தெரியும். சர்வர் தொடங்கும்போது கேபிள் சரியாகப் பொருந்தாமலிருந்து பிறகு பொருந்தினாலும் நடக்கும். அப்போது திரை இரண்டு வழிகளைக் காட்டும்: இம்போர்ட், கிளியர். இம்போர்ட் அந்தக் குறிப்பை ஏற்றுக்கொண்டு தொகுப்பை மீண்டும் கட்டும். கிளியர் அந்தக் குறிப்பை அழித்துவிடும். தரவு இருக்கும் தட்டுகள் ஃபாரினாகத் தெரியும்போது கிளியர் கொடுத்தால், கன்ட்ரோலரைப் பொறுத்தவரை அங்கே தொகுப்பு என்று ஒன்று இருந்ததே இல்லை. எங்கிருந்து வந்த தட்டு என்று உறுதியாகத் தெரியாதவரை அந்தப் பொத்தானைத் தொடாதீர்கள்.

இனி பிரிடிக்டிவ் ஃபெயிலியர். இது உறுப்பு நிலையோடு சேர்ந்து வரும் எச்சரிக்கை. தட்டு ஆன்லைனிலேயே இருக்கும், தொகுப்பும் ஆப்டிமல் என்றே காட்டும், ஆனால் தட்டு தானாகவே ‘நான் நீண்ட நாள் தாங்கமாட்டேன்’ என்று அறிவித்திருக்கிறது. என் பார்வையில் நிர்வாகிக்குக் கிடைக்கும் ஆகச் சிறந்த செய்தி இதுதான். பாதுகாப்பு முழுமையாக இருக்கும்போதே தட்டை மாற்ற அவகாசம் கிடைக்கிறது. ஹாட் ஸ்பேர் இருந்தால், சாகப்போகும் தட்டிலிருந்து நேரடியாக அதற்கு நகலெடுக்கும் வசதி பல கன்ட்ரோலர்களில் உண்டு. அப்படிச் செய்தால் தொகுப்பு ஒரு கணம்கூட டிகிரேடட் ஆவதில்லை.

தட்டு தன்னைப் பற்றிச் சொல்லும் கணக்கு

அந்த எச்சரிக்கை எங்கிருந்து வருகிறது? ஒவ்வொரு தட்டும் தன் பிழைகளைத் தானே எண்ணிக்கொண்டிருக்கும்; இதற்கு ஸ்மார்ட் என்று பெயர். சாட்டா என்னும் இணைப்பு வகைத் தட்டுகளில் நான் முதலில் பார்ப்பது மூன்று எண்கள். 5-ஆம் எண்ணில், கெட்டுப்போனதால் மாற்று இடத்துக்கு நகர்த்தப்பட்ட செக்டார்களின் (தட்டில் தரவு எழுதப்படும் சிறு பகுதிகளின்) எண்ணிக்கை இருக்கும். 197-ஆம் எண்ணில், படிக்க முடியாமல் முடிவுக்காகக் காத்திருக்கும் செக்டார்கள். 199-ஆம் எண் தட்டுக்கும் கன்ட்ரோலருக்கும் இடையே தரவு போகும்போது ஏற்படும் பிழைகள். இது மட்டும் ஏறிக்கொண்டே போனால் பெரும்பாலும் கேபிளோ இணைப்போதான் காரணம். எண்ணின் அளவைவிட அதன் போக்கு முக்கியம். இரண்டு ஆண்டுகளாக 8-லேயே நிற்கும் தட்டைவிட, போன வாரம் 0-ஆக இருந்து இன்று 40-க்கு வந்திருக்கும் தட்டு ஆபத்தானது.

ஸ்மார்ட்டை முழுவதும் நம்பவும் கூடாது. 2007-இல் கூகுள் ஆய்வாளர்கள் தங்கள் தரவு மையங்களின் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட தட்டுகளை ஆராய்ந்து ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். பழுதான தட்டுகளில் 56 விழுக்காட்டுக்கு மேற்பட்டவற்றில், பழுதோடு வலுவாகத் தொடர்புடைய நான்கு ஸ்மார்ட் எண்களில் ஒன்றில்கூட எதுவும் பதிவாகியிருக்கவில்லை. எண் ஏறினால் தட்டு போகும் வாய்ப்பு கூடிவிட்டது என்று நம்பலாம். எண் ஏறவில்லை என்பதற்காகத் தட்டு போகாது என்று நம்ப முடியாது.

விளக்குகளைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும்: பச்சை இயக்கத்தையும், மஞ்சள் அல்லது ஆம்பர் பழுதையும், நீலம் பெரும்பாலும் அடையாளம் காட்டுவதையும் குறிக்கும். சிமிட்டும் வேகத்துக்கான பொருள் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறுகிறது. உங்கள் சர்வரின் கையேட்டில் அந்தப் பக்கத்தை அச்செடுத்து ரேக்கின் கதவில் ஒட்டிவிடுங்கள்.

தனிக் கன்ட்ரோலர் இல்லாத சர்வர்களிலும் இதே கருத்துகள்தான், சொற்கள் மாறும். லினக்ஸின் எம்டி என்னும் மென்பொருள் ரெய்டில், எம்டிஸ்டாட் என்ற கோப்பைத் திறந்தால் சதுர அடைப்புக்குள் ஒவ்வொரு உறுப்புக்கும் ஒரு யூ எழுத்து இருக்கும். நான்கு தட்டுத் தொகுப்பில் நான்கு யூ இருந்தால் எல்லாம் நலம். ஒன்றின் இடத்தில் அடிக்கோடு இருந்தால் அந்த உறுப்பு இல்லை. பக்கத்தில் 4/3 என்றும் இருக்கும்: நான்கு வேண்டும், மூன்று இருக்கிறது. இசட்எஃப்எஸ் கோப்பு முறைமையில் ஃபால்டட், அன்அவெய்ல் போன்ற சொற்களைக் காணலாம். அங்கே ஒவ்வொரு தட்டுக்கும் படிப்பு, எழுத்து, செக்சம் (தரவு மாறாமல் இருக்கிறதா என்று சரிபார்க்கும் எண்) என்று மூன்று பிழைக் கணக்குகள் உண்டு. செக்சம் கணக்கு மட்டும் ஏறினால், தட்டு எந்தப் புகாரும் சொல்லாமல் தவறான தரவைத் தந்திருக்கிறது என்று அறியலாம். சாதாரண ரெய்டு கன்ட்ரோலர்கள் பெரும்பாலும் இதைப் பிடிப்பதில்லை.

ஒரு திரையைப் படிப்போம்

ஓர் எடுத்துக்காட்டு. ஐந்து தட்டுகளில் கட்டிய ரெய்டு 5, கூடவே ஒரு ஹாட் ஸ்பேர். இடங்கள் 0 முதல் 5 வரை. திரையில் தொகுப்பு டிகிரேடட். 3-ஆம் இடத்தில் ஃபெயில்டு. 5-ஆம் இடத்தில் இருந்த ஹாட் ஸ்பேர் இப்போது ரீபில்ட், 12 விழுக்காடு. 0, 2, 4 ஆகியவை ஆன்லைன், பிழை எதுவும் இல்லை. 1-ஆம் இடமும் ஆன்லைன், ஆனால் மீடியா எரர் 47.

இதைப் பார்த்ததும் 3-ஆம் தட்டை மாற்ற ஓடுவது இயல்பு. ஆனால் 3-ஆல் இனி செய்ய முடிந்த கெடுதல் எதுவும் இல்லை. அது ஏற்கெனவே வெளியே இருக்கிறது, அதன் இடத்தை 5 எடுத்துக்கொண்டுவிட்டது. கவலைப்பட வேண்டியது 1-ஐப் பற்றி. ரீபில்ட் முடிய வேண்டுமானால் 0, 1, 2, 4 ஆகிய நான்கும் முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்துவரை படிக்கப்பட வேண்டும். 1-இல் படிக்க முடியாத இடங்கள் ஏற்கெனவே இருக்கின்றன. அப்படி ஓர் இடம் ரீபில்டின்போது குறுக்கிட்டால், சில கன்ட்ரோலர்கள் அந்தப் பகுதியை மட்டும் பாழானதாகக் குறித்துவிட்டு மேலே போகும். சில ரீபில்டையே நிறுத்திவிடும். ஆகவே இந்தத் திரையைக் கண்டதும் செய்ய வேண்டிய முதல் வேலை, கடைசிக் காப்புப்பிரதி எப்போது எடுக்கப்பட்டது என்று பார்ப்பது. பழையது என்றால், தொகுப்பு உயிரோடு இருக்கும்போதே முக்கியமான தரவை வெளியே நகலெடுத்துவிட வேண்டும். ரீபில்ட் முடிந்த பிறகு 3-ஐ மாற்றலாம், அடுத்து 1-ஐயும் மாற்றலாம். 1 ஆன்லைனில்தானே இருக்கிறது என்று விட்டுவிடக் கூடாது.

ரீபில்டுக்கு எவ்வளவு நேரம் ஆகும்? 16 டெராபைட் தட்டில் விநாடிக்கு 200 மெகாபைட் என்ற வேகத்தில் இடைவிடாமல் எழுதினால்கூட 22 மணி நேரம் ஆகும். சர்வர் வேலை செய்துகொண்டே ரீபில்ட் நடந்தால் அது நாள்கணக்காக நீளும். அத்தனை நேரமும் மற்றத் தட்டுகள் முழுச்சுமையில் ஓடும்; அவை பெரும்பாலும் பழுதான தட்டோடு ஒரே நாளில் வாங்கிய, அதே வயதுத் தட்டுகள். வீட்டுத் தட்டுகள் பலவற்றின் விவரக்குறிப்பில், படிக்க முடியாத பிழை 12.5 டெராபைட் படிப்புக்கு ஒன்றுக்கும் குறைவு என்று இருக்கும். நடைமுறையில் தட்டுகள் இதைவிட நன்றாகவே நடந்துகொள்கின்றன. என்றாலும் பெரிய தட்டுகளில் ரெய்டு 5-ஐ விட்டு ரெய்டு 6-க்கோ 10-க்கோ போகச் சொல்வது இதனால்தான். பேட்ரோல் ரீட், ஸ்க்ரப் என்ற பெயர்களில் பின்னணியில் நடக்கும் முழுப் பரப்புச் சோதனையையும் யாரும் அணைத்துவைக்கக் கூடாது. யாரும் தொடாத மூலையில் கிடக்கும் கெட்ட செக்டார் அந்தச் சோதனையில்தான் வெளியே வரும். அப்போது பாதுகாப்பு இருக்கிறது, சரிசெய்துவிடலாம்.

எது முதலில் விழுந்தது?

ரெய்டு 5-இல் இரண்டு தட்டுகள் வெளியேறிவிட்டன, தொகுப்பு ஆஃப்லைன் என்று வைத்துக்கொள்வோம். பல கன்ட்ரோலர்களில் வெளியேறிய தட்டை வலுக்கட்டாயமாக ஆன்லைனுக்குக் கொண்டுவரும் வசதி உண்டு. எந்தத் தட்டை? இங்கே நிலைத் திரை போதாது, நிகழ்வுப் பதிவேடு வேண்டும். திங்கட்கிழமை முதல் தட்டு விழுந்தது, யாரும் கவனிக்கவில்லை. வியாழக்கிழமை இரண்டாவது விழுந்தது. இடைப்பட்ட மூன்று நாள்களில் எழுதப்பட்ட எதுவும் முதல் தட்டில் இல்லை. அதை ஆன்லைனுக்குக் கொண்டுவந்தால் பழைய தரவும் புதிய தரவும் கலந்து கோப்புகள் குலைந்துபோகும். இரண்டாவது தட்டு விழுந்த கணத்தில் தொகுப்பே நின்றுவிட்டதால், அதில் இருப்பது ஏறத்தாழ கடைசி நிலவரம். கொண்டுவருவதானால் அதைத்தான். திரையில் இரண்டும் ஒரே மாதிரி ஃபெயில்டு என்றே தெரியும். மதிப்புள்ள தரவு, காப்புப்பிரதி இல்லை என்றால், இதைக்கூட நீங்களே செய்யாமல் சர்வரை அணைத்துவிட்டுத் தரவு மீட்பு வல்லுநரிடம் போவது நல்லது.

தட்டை மாற்றும்போது

டிகிரேடட் ஆன ரெய்டு 5-இல் தவறான தட்டை உருவினால் அடுத்த கணமே தொகுப்பு ஆஃப்லைன். இடங்களின் எண்ணிக்கை பெரும்பாலும் 0-இலிருந்து தொடங்கும். ‘மூன்றாவது தட்டு’ என்று வாய்வழியாகச் சொன்னால் கேட்பவர் 2-ஆம் இடத்தில் கை வைத்துவிடுவார். இட எண்ணோடு, தட்டின் வரிசை எண்ணையும் (சீரியல் நம்பர்) குறித்துக்கொள்ளுங்கள். திரையிலிருந்து அடையாள விளக்கைச் சிமிட்டச் செய்து, கண்ணால் பார்த்துவிட்டுத் தொடுங்கள். உருவும்போது சற்றே வெளியே இழுத்து, சுழற்சி நிற்க அரை நிமிடம் விட்டு, பிறகு முழுவதும் எடுங்கள். எடுத்ததும் லேபிளில் உள்ள வரிசை எண்ணை ஒப்பிடுங்கள்.

புதிய தட்டின் கொள்ளளவு பழையதற்குச் சமமாகவோ அதிகமாகவோ இருக்க வேண்டும். சாஸ் என்னும் வேறு இணைப்பு வகைத் தட்டின் இடத்தில் சாட்டா தட்டைப் பல கன்ட்ரோலர்கள் ஒரே தொகுப்பில் ஏற்பதில்லை. முன்பு வேறெங்கோ பயன்படுத்திய தட்டு என்றால் ஃபாரின் என்று வந்து நிற்கும், ரீபில்ட் தொடங்காது; அந்தத் தட்டில் தேவையான எதுவும் இல்லை என்று உறுதி செய்துகொண்டு, அதன் குறிப்பை மட்டும் கிளியர் செய்தால் தொடங்கிவிடும்.

ஹாட் ஸ்பேர் இடத்தை எடுத்துக்கொண்ட தொகுப்பில், புதிய தட்டைப் போட்டதும் சில கன்ட்ரோலர்கள் காப்பிபேக் என்ற பெயரில் தரவைப் பழைய இடத்துக்கே திருப்பி எழுதி, ஸ்பேரை விடுவிக்கும். மற்றவற்றில் புதிய தட்டை நீங்களே ஹாட் ஸ்பேராக அறிவிக்க வேண்டும். மறந்தால் அது ரெடி என்று சும்மா கிடக்கும், அடுத்த தட்டு விழும் நாளில் உதவிக்கு வராது. தொகுப்பு ஆப்டிமல் ஆகிவிட்டதா, ஸ்பேர் மீண்டும் ஸ்பேராக இருக்கிறதா என்று இரண்டையும் பாருங்கள். பிறகு, தட்டு விழுந்ததற்கான மின்னஞ்சல் எச்சரிக்கை யாருக்குப் போனது, அவர் இன்னும் அந்தப் பொறுப்பில் இருக்கிறாரா என்பதையும் விசாரித்துவிடுங்கள்.